படலை வரை நடக்க ஏன் களைக்கிறது? டயலிசிஸ் பெறுவோரின் உழைப்புத் திறன் பற்றி ஓர் எளிய விளக்கம்

செட்டிகுளத்துப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகள் நெல் விதைத்து வாழ்ந்த என் பெரிய மாமா, சிறுநீரகங்கள் செயலிழந்து டயலிசிஸ் (இரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்யும் சிகிச்சை) தொடங்கிய ஏழாவது மாதத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "இரத்தம் நல்லாச் சுத்தமாகுது எண்டு டொக்டர் சொல்லுறார். பேந்து ஏன் மருமேன், படலைக்குப் போய் வரவே எனக்குக் களைக்குது?" அப்போது எனக்கு விடை தெரியாது. வருத்தம் என்றால் களைப்பு இருக்கத்தானே செய்யும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது விடையல்ல என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. வன்னியில் இந்தச் சிகிச்சைக்காக வாரந்தோறும் பஸ் ஏறும் எத்தனையோ குடும்பங்களில் இதே கேள்வி இருக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தேன். அந்தக் கேள்விக்கு நான் தேடிப் படித்து விளங்கிக்கொண்ட விடையை, மருத்துவச் சொற்கள் அறியாதவரும் பின்தொடரும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவை விளங்கிக்கொள்வோம். நாம் எழுந்தாலும், நடந்தாலும், மண்வெட்டி பிடித்தாலும் தசைகள் ஒட்சிசனைப் பயன்படுத்தியே அந்த வேலையைத் தொடர்ந்து செய்கின்றன. வேலை கூடக்கூட ஒட்சிசன் தேவையும் கூடுகிறது. ஆனால் ஒவ்வோர் உடலுக்கும் ஓர் உச்சம் உண்டு. அதற்கு மேல் எவ்வளவு முயன்றாலும் உடலால் கூடுதலாக ஒட்சிசனை எடுத்துப் பயன்படுத்த முடியாது. ஒரு நிமிடத்தில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் எத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசனை உடல் பயன்படுத்த முடியும் என்பதே அந்த உச்சத்தின் அளவு. அதைத்தான் இதய நுரையீரல் வலு என்கிறோம். இந்த உச்சம் பற்றிய கருத்தை 1920களில் ஆங்கிலேய உடலியலாளர் ஆர்ச்சிபால்ட் ஹில் தெளிவாக வகுத்தார். ஓட்டப்பந்தய வீரருக்காக உருவான அளவு போலத் தோன்றினாலும், இது மிகவும் பயன்படுவது நோயாளருக்கே என்பது என் எண்ணம்.

எண்களாகப் பார்த்தால் மாமாவின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். சும்மா இருக்கும்போது உடல் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.5 மில்லிலீற்றர் ஒட்சிசனைப் பயன்படுத்துகிறது. சமதரையில் மெல்ல நடப்பதற்கு 9 அல்லது 10 தேவை. மண்வெட்டியால் கொத்துவதற்கு 17 அல்லது 18 தேவை. நல்ல உடல்நிலையில் உள்ள நடுவயதுக்காரர் ஒருவரின் உச்சம் 35 என்று வைத்துக்கொண்டால், கொத்தும்போது அவர் தன் உச்சத்தில் பாதியையே செலவிடுகிறார், ஆகவே இடையிடையே ஆறி ஆறி அரை நாள் வேலை செய்ய அவரால் முடியும். நீண்டகாலமாக டயலிசிஸ் பெறுவோரை அளந்த ஆய்வுகளில், அவர்களுடைய உச்சம் பெரும்பாலும் 15க்கும் 20க்கும் இடையில், அதாவது அதே வயதுள்ள நலமானவரின் அளவில் ஏறத்தாழப் பாதியாகவே காணப்பட்டிருக்கிறது. உச்சம் 17 ஆக உள்ளவருக்குக் கொத்துவது என்பது தன் முழு இயலுமையையும் ஒரே தடவையில் செலவிடும் வேலை. மெல்ல நடப்பதுகூட அவருக்குப் பாதிக்கு மேற்பட்ட செலவு. மற்றவருக்கு ஓய்வு போலத் தெரியும் நடை அவருக்கு வயல் வேலையாக இருக்கிறது. சோம்பலும் மனத்தளர்ச்சியும் இதற்குக் காரணம் என்று அயலவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது முழு அநியாயம்.

இந்த உச்சம் ஏன் இறங்குகிறது? 1870ஆம் ஆண்டில் ஜெர்மனியரான அடோல்ஃப் ஃபிக் சொன்ன ஓர் எளிய கணக்கு இங்கே உதவுகிறது. ஒரு நிமிடத்தில் உடல் பயன்படுத்தும் ஒட்சிசன் இரண்டு விடயங்களில் தங்கியிருக்கிறது: இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதும், அந்த இரத்தத்திலிருந்து உடலின் இழையங்கள் எவ்வளவு ஒட்சிசனை எடுத்துக்கொள்கின்றன என்பதும். ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தத்தைத் தள்ளுகிறது, உடல் அதிலுள்ள ஒட்சிசனில் கால்வாசியை மட்டுமே எடுக்கிறது. நலமான ஒருவர் கடுமையாக உழைக்கும்போது இதயம் 20 லீற்றர் வரை தள்ளும், தசைகள் முக்கால்வாசி ஒட்சிசனை உறிஞ்சிவிடும்.

பாவற்குளத்து நீரை நம்பி விதைக்கும் ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது கடினமல்ல. குளத்தில் நீர் இருக்க வேண்டும், துருசு ஒழுங்காகத் திறக்க வேண்டும், வாய்க்கால் அந்த நீரைக் குறையாமல் கொண்டுபோக வேண்டும், கடைசியில் வயல்மண் அதை உறிஞ்ச வேண்டும். நுரையீரல் குளம், இதயம் துருசு, இரத்தம் வாய்க்கால், தசை வயல். ஒன்றில் குறை வந்தாலும் பயிர் வாடும். டயலிசிஸ் பெறுபவருக்கு வரும் கேடு என்னவென்றால் நான்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை வருகிறது, எந்த ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றவை தடுத்து நிற்கின்றன.

நுரையீரலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சிறுநீர் போகாத உடலில் நீர் தேங்கும்போது அது நுரையீரல் இழையங்களிலும் ஊறுகிறது, அதனால் ஒட்சிசன் இரத்தத்துக்குள் கடப்பது தடைப்படுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. மூச்சை இழுக்கும் தசைகளும், மற்றத் தசைகளைப் போலவே, பலம் குறைகின்றன. நீரை அகற்றி உலர் எடைக்கு, அதாவது தேங்கிய நீர் இல்லாதபோது உள்ள எடைக்கு, கொண்டுவந்ததும் பலருக்கு மூச்சு இலேசாகிவிடுவதால் நுரையீரலே முதன்மைக் காரணம் என்று நினைக்கத் தோன்றும். நீர் தேங்காத வேளையில் பெரும்பாலானோருக்கு அது முதன்மைக் காரணமல்ல.

இதயத்தில் சிக்கல் ஆழமானது. பல ஆண்டுகளாக உயர்ந்திருந்த குருதி அழுத்தம், தேங்கும் நீர், குருதிச்சோகை ஆகியவற்றுக்கு எதிராக வேலை செய்து இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துவிடுகிறது. டயலிசிஸ் தொடங்கும் வேளையிலேயே நான்கு பேரில் ஏறத்தாழ மூவருக்கு இந்தத் தடிப்பு இருந்ததை 1990களில் வெளிவந்த ஒரு கனடிய ஆய்வு காட்டியது. தடித்த சுவர் பலமான சுவர் என்று எண்ணக்கூடாது. அது விறைத்துப்போவதால், சுருங்குவதற்கு முன்னர் விரிந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ள வேண்டிய வேலை தடைப்படுகிறது. அத்துடன் இதயத் துடிப்பைக் கூட்டிக் குறைக்கும் நரம்புகள், சிறுநீரகச் செயலிழப்பாலும் பலருக்கு நீரிழிவாலும் பழுதடைவதால், உழைக்கும்போது துடிப்பு வேண்டிய அளவுக்கு ஏறுவதில்லை. குருதி அழுத்தத்துக்காகக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளும் துடிப்பைக் கட்டுப்படுத்துகின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டயலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துச் செய்யப்படும் ஃபிஸ்டுலா, 1966இல் நியூயோர்க்கில் பிரெஷியா, சிமினோ ஆகிய மருத்துவர்களும் அவர்களுடைய உடன்பணியாளர்களும் அறிமுகப்படுத்தியது, இந்த நோயாளர்களின் உயிர்நாடி. ஆனால் அதன் வழியே நிமிடத்துக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றருக்கு மேல் வரை இரத்தம் தசைகளுக்குப் போகாமலே இதயத்துக்குத் திரும்புகிறது, அந்தச் சுமையையும் இதயமே தாங்க வேண்டியிருக்கிறது. இதற்காக ஃபிஸ்டுலாவை யாரும் குறை சொல்லக்கூடாது. பெரும்பாலானோரின் இதயம் அதைத் தாங்கிக்கொள்கிறது.

அடுத்தது இரத்தம். ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். அதன் ஒரு கிராம் ஏறத்தாழ 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். ஈமோகுளோபின் 14 ஆக (100 மில்லிலீற்றருக்கு 14 கிராம்) உள்ளவரின் 100 மில்லிலீற்றர் இரத்தம் சுமப்பது கிட்டத்தட்ட 19 மில்லிலீற்றர் ஒட்சிசன். அது 9 ஆக இறங்கினால் சுமப்பது 12 மட்டுமே. செங்குருதிக் கலங்களை உற்பத்தி செய்யும்படி எலும்பு மச்சைக்குக் கட்டளையிடும் எரித்திரோபொயிற்றின் என்ற ஓமோனைச் சிறுநீரகமே சுரக்கிறது. ஆகவே சிறுநீரகம் பழுதடையும்போது குருதிச்சோகை தானாகவே வருகிறது. 1980களின் இறுதியில் இந்த ஓமோன் ஊசிமருந்தாகக் கிடைக்கத் தொடங்கியபோது, இரத்தம் கூடினால் உழைப்புத் திறனும் அதே அளவு கூடிவிடும் என்று மருத்துவ உலகம் எதிர்பார்த்தது. நோயாளர்களின் நிலை தேறியது உண்மை, அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தது. ஆனால் உச்ச அளவு, ஈமோகுளோபின் ஏறிய வீதத்துக்கு ஏறவில்லை. ஈமோகுளோபினை நலமானவரின் அளவுக்கே உயர்த்திப் பார்த்த பெரிய ஆய்வுகளில் பயனை விடத் தீங்கு கூடியதால், இப்போது அதை 10க்கும் 11.5க்கும் இடைப்பட்ட ஓர் அளவில் வைத்திருக்கவே மருத்துவர்கள் முயல்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் கூட்டிவிடச் சொல்லுங்கோ" என்று மருத்துவரை நெருக்கும் உறவினர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

வாய்க்காலில் நீர் கூடியும் பயிர் செழிக்கவில்லை என்றால் மண்ணைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது முழுவதும் இங்கேதான் இருக்கிறது. நீண்டகாலச் சிறுநீரகச் செயலிழப்பு தசையையே மாற்றிவிடுகிறது. கழிவுகளின் தேக்கம், இரத்தத்தில் கூடும் அமிலத்தன்மை, உடல் முழுதும் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி, விற்றமின் டி குறைவு, பசியின்மையால் சாப்பாட்டில் குறையும் புரதம் எல்லாம் சேர்ந்து தசைநார்களை மெலியச் செய்கின்றன. ஒவ்வொரு டயலிசிஸின் போதும் புரதத்தின் கட்டமைப்புக் கூறுகளான அமினோ அமிலங்களும் சில கிராம்கள் வெளியேறிவிடுகின்றன. தசைக் கலங்களுக்குள் ஒட்சிசனைக் கொண்டு சக்தியை உண்டாக்கும் இழைமணிகளின் செயலும் குறைகிறது, தசைநார்களைச் சுற்றியுள்ள மிகச் சிறிய இரத்தக் குழாய்களான மயிர்க்குழாய்களும் ஐதாகின்றன. ஒட்சிசன் வாசல் வரை வந்தும் உள்ளே போக வழியில்லாத நிலை இது. அதனால்தான் பலர் மூச்சு வாங்கி நிற்பதற்கு முன்னரே கால் சோர்ந்து நிற்கிறார்கள். மாமாவும் "நெஞ்சு ஏலாமல் இல்லை, கால்தான் ஏலாது" என்று சொல்லியிருந்தார். அவர் மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது.

இவை நோயால் வருபவை. இவற்றோடு நோயால் வராத ஒன்றும் சேர்கிறது, அது அசையாமை. டயலிசிஸ் பெறுவோரின் அன்றாட அசைவை அளந்து, உடற்பயிற்சி எதுவும் செய்யாத நலமானவர்களோடு ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு, 2000ஆம் ஆண்டில், அவர்களை விடவும் நோயாளர்கள் குறைவாகவே அசைகிறார்கள் என்று கண்டது. இது வியப்பல்ல. ஒரு முறைக்கு ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் கட்டிலில், அதற்கு முன்னும் பின்னும் பஸ்ஸில், வீடு வந்ததும் அன்று முழுதும் அசதி. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் இப்படிப் போய்விடுகின்றன. மிச்ச நாட்களை அன்பு எடுத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் மாமா எழும்பினால் மாமி "நீங்கள் ஆறி இருங்கோ" என்பார், பிள்ளைகள் தண்ணீரைக் கைக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள், நான் வந்தால் அவரைக் கடைக்குக்கூட நடக்க விடாமல் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிடுவேன். நாங்கள் எல்லோரும் அவர் மேல் வைத்திருந்த பாசத்தால் அவருடைய கால்களிலிருந்து பலத்தை எடுத்துக்கொண்டிருந்தோம். தசை குறைய நடை கடினமாகிறது, நடை கடினமாக மேலும் படுக்கிறார், படுக்கப் படுக்கத் தசை இன்னும் குறைகிறது.

வன்னிக்கு இது ஏன் தனியாகப் பேச வேண்டிய விடயம் என்றும் சொல்ல வேண்டும். 1990களில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே முதலில் கவனிக்கப்பட்ட, நீரிழிவோ உயர் குருதி அழுத்தமோ காரணமாகாத நீண்டகாலச் சிறுநீரக நோய், அந்த மாகாணத்தை ஒட்டிய வவுனியா மாவட்டக் கிராமங்களிலும் காணப்படுகிறது. குடிநீரின் கடினத்தன்மை, புளோரைட், விவசாய இரசாயனங்கள், வெய்யிலில் உழைத்து உடல் நீர் வற்றுதல் என்று பல காரணங்கள் முன்வைக்கப்பட்டும் ஆய்வாளரிடையே இன்னும் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. இந்த நோய் பெரிதும் பிடிப்பது வயலில் உழைத்த நடுவயது ஆண்களையே. அலுவலகக் கதிரையில் இருந்து வேலை செய்தவருக்கு உச்சம் பாதியானால் மாடி ஏறும்போது மட்டும் தெரியும். பெரும்போகத்துக்கு வரம்பு கட்டிய கைக்கு அது பிழைப்பே போனதற்குச் சமம்.

இனி, இந்தத் திறனை எப்படி அளப்பது என்று பார்ப்போம். மிகத் துல்லியமான முறை, முகமூடி போட்டுச் சைக்கிள் போன்ற ஒரு கருவியை மிதிக்கச் செய்து, உள்ளிழுக்கும் வெளிவிடும் காற்றை அளப்பது. அதற்கான கருவியும் பயிற்சி பெற்றவர்களும் எல்லா வைத்தியசாலைகளிலும் இருப்பதில்லை. அது இல்லையே என்று கவலைப்படவும் தேவையில்லை. 30 மீற்றர் நீளமுள்ள ஒரு சமமான நடைபாதையில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளக்கும் சோதனை உலகெங்கும் பயன்படுகிறது. நலமான பெரியவர்கள் பெரும்பாலும் 400 முதல் 700 மீற்றர் நடப்பார்கள். இன்னும் எளிதானது கதிரைச் சோதனை. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, சாதாரண உயரமுள்ள கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்து இருக்க எத்தனை செக்கன் ஆகிறது என்று கைத்தொலைபேசியில் பார்த்தால் போதும். 15 செக்கனுக்கு மேல் எடுத்தால் கால் தசையின் பலம் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இதைச் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மாமாவுக்கு முதல் தடவை 22 செக்கன் எடுத்தது.

இந்த அளவுகள் வெறும் எண்கள் அல்ல. டயலிசிஸ் பெறும் 175 பேரை அளந்து பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2004இல் வெளிவந்தது. உச்ச அளவு 17.5 மில்லிலீற்றருக்கு மேல் இருந்தவர்கள், அதற்குக் கீழே இருந்தவர்களை விடக் கூடுதலாக உயிர் தப்பியிருந்தார்கள். இதை வைத்து, உடற்பயிற்சி செய்தால் ஆயுள் நீளும் என்று யாராவது உறுதி கூறினால் அது அவசரம். உச்சம் கூடியவர்கள் தொடக்கத்திலேயே நோய் குறைந்தவர்களாக இருந்திருக்கக்கூடும். பயிற்சி உழைப்புத் திறனைக் கூட்டும் என்பதற்குச் சான்று உறுதியாக இருக்கிறது, ஆயுளை நீட்டும் என்பதற்கு அந்த அளவு உறுதியான சான்று இல்லை. இருந்தாலும், தன் கிணற்றடிக்குத் தானே போய்க் குளித்து வரும் ஒரு மனிதருக்கு அந்தத் திறன் என்ன பெறுமதி என்று யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சான்றுகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இத்தாலியில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு. அதில் ஏறத்தாழ 300 டயலிசிஸ் நோயாளர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் டயலிசிஸ் இல்லாத நாட்களில், தம் வீட்டிலேயே, ஒரு நாளைக்கு இரண்டு முறை பத்து நிமிடம் நடந்தார்கள். வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். வேறு கருவியோ உடற்பயிற்சிக் கூடமோ இல்லை. ஆறு மாதத்தின் பின் அவர்கள் ஆறு நிமிடத்தில் நடந்த தூரம் சராசரியாக 328 மீற்றரிலிருந்து 367 மீற்றருக்கு ஏறியது. மற்றப் பிரிவினரின் தூரம் 321இலிருந்து 324, அதாவது மாற்றமில்லை. நாற்பது மீற்றர் என்பது சிறிதாகத் தோன்றலாம். படலைக்குப் போய் ஆறாமல் திரும்பி வரும் தூரம் அது.

டயலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே பயிற்சி செய்யும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு. கட்டிலின் கால்மாட்டில் மிதிப்பான் பொருத்தி, படுத்தபடியே சைக்கிள் மிதிப்பது போல மிதிப்பார்கள். இங்கிலாந்தின் லெஸ்டரில் செய்த ஆய்வொன்றில் ஆறு மாதம் இப்படி மிதித்தவர்களின் தடித்த இதயத் தசை குறைந்திருந்தது. ஜெர்மனியில் 21 நிலையங்களில் 917 பேரைக் கொண்டு நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை நேரத்தில் ஓராண்டு பயிற்சி செய்தவர்கள் ஒரு நிமிடத்தில் கதிரையிலிருந்து எழும் எண்ணிக்கை 16இலிருந்து 19 ஆகக் கூடியது. பயிற்சி செய்யாதவர்களுக்கு அது 16இலிருந்து 15க்கும் கீழே இறங்கியது. இந்த இறக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருப்பது, இருந்த இடத்திலேயே இருப்பது அல்ல. சிகிச்சையின் போது பயிற்சி செய்வதானால் முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் செய்ய வேண்டும், ஏனென்றால் நீர் அகற்றப்பட அகற்றப்படக் குருதி அழுத்தம் இறங்கி மயக்கம் வரக்கூடும். அதைத் தாதியரும் மருத்துவரும் அறியாமல் தானாகச் செய்யக்கூடாது.

வீட்டில் தொடங்குவதற்கு மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இவரது இதயம் மெல்லிய நடையைத் தாங்குமா? ஆம் என்றால் முற்றமே போதும். தென்னைக்கும் படலைக்கும் இடையே 15 மீற்றர் இருந்தால், இருபது முறை போய் வரும்போது 600 மீற்றர். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம்கூட நடக்க முடியாவிட்டால் மூன்று நிமிடம் நடந்து, இருந்து, மீண்டும் மூன்று நிமிடம் நடக்கலாம். வேகத்தை நாடித்துடிப்பை வைத்துக் கணிப்பது இவர்களுக்குச் சரிவராது, மாத்திரையும் நரம்புப் பழுதும் துடிப்பைக் கட்டிவைத்திருக்கும். பேச்சே நல்ல அளவுகோல். நடந்துகொண்டு கதைக்க முடிய வேண்டும், ஆனால் தேவாரம் பாட முடியாதபடி மூச்சு சற்று வாங்க வேண்டும். கதைக்கவும் முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. வன்னியின் கோடையில் காலை எட்டு மணிக்கு முன்னரோ மாலை ஐந்துக்குப் பின்னரோதான் நடக்கலாம். யானை வரும் எல்லைக் கிராமங்களில் விடியும் முன் குளக்கட்டுக்குப் போகாமல் வளவுக்குள் நடப்பதே புத்தி.

நடக்கக் கூடாத நாட்களும் உண்டு, இதில் தயவு காட்டக் கூடாது. ஒரு முறை டயலிசிஸ் தவறியிருந்தால் பயிற்சி வேண்டாம். கடுமையாக உழைக்கும் தசை பொற்றாசியத்தை இரத்தத்துக்குள் விடும், ஏற்கெனவே அது ஏறியிருப்பவரின் இதயத் துடிப்பை அது குழப்பிவிடலாம். வாரத்துக்கு இரு முறை மட்டும் சிகிச்சை பெறுபவருக்கு இடையில் மூன்று முழு நாட்கள் விழும் இடைவெளி வரும், அதன் கடைசி நாள் நீரும் பொற்றாசியமும் மிகக் கூடியிருக்கும் நாள், அன்று ஓய்வே சரி. நெஞ்சு நோ, சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டுதல், காய்ச்சல், தலைச்சுற்று, வழமையை விட அதிகமாக ஏறிய எடை, காலில் புதிய வீக்கம் இருந்தால் நடையை விட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நடந்து வியர்த்ததும் இளநீர் குடிக்கும் நம் வழக்கத்தை இங்கே முற்றாக மறக்க வேண்டும், இளநீரில் பொற்றாசியம் மிக அதிகம். தாகத்துக்குத் தண்ணீரும் அன்றைய அளவுக்குள்தான். வாயைக் கொப்பளித்துத் துப்புவது உதவும். இன்சுலின் போடுபவருக்குச் சிறுநீரகம் செயலிழந்த பின் அந்த மருந்து உடலில் கூடிய நேரம் தங்கும், ஆகவே வெறும் வயிற்றில் நடக்காமல், மடியில் கொஞ்சம் சீனியும் வைத்திருக்க வேண்டும். ஃபிஸ்டுலா உள்ள கையால் பாரம் தூக்குவதையும் அதை இறுக்கிக் கட்டுவதையும் தவிர்க்க வேண்டும், ஊசி குத்திய அன்று அந்தக் கைக்கு முழு ஓய்வு.

போரில் காலை இழந்தவர்கள் நம் ஊர்களில் பலர். அவர்களில் ஒருவருக்குச் சிறுநீரகமும் போய்விட்டால் மேலே சொன்ன எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. செயற்கைக் காலோடு நடக்க, அதுவும் முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு, அதே தூரத்துக்குக் கூடுதல் ஒட்சிசன் செலவாகிறது. அவருடைய குறைந்த நடை தோல்வியல்ல. இன்னுமொரு சங்கடம், உடலில் நீர் ஏறும்போது எஞ்சிய காலின் பருமனும் கூடி, டயலிசிஸ் முடிந்ததும் குறைந்து, செயற்கைக் கால் ஒரு நாள் இறுக்கமாகவும் மறுநாள் தளர்வாகவும் இருக்கும். தளர்வான நாளில் மேலதிகக் காலுறை போட்டுக்கொள்ளலாம். உராய்ந்து புண் வந்தால் நடையை நிறுத்திவிட்டு, கதிரையில் இருந்தபடி கைகளாலும் மற்றக் காலாலும் பயிற்சி செய்யலாம். இயன்மருத்துவர் ஒருவர் இதை நேரில் காட்டித் தருவது மிக நல்லது.

நடை இதயத்துக்கும் மூச்சுக்கும் உதவும், தசையைத் திரும்பக் கட்டுவதற்கு அது மட்டும் போதாது. கதிரையிலிருந்து எழுந்து இருத்தல், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்துதல், முழங்காலை நீட்டிச் சில செக்கன் பிடித்திருத்தல் ஆகியவற்றைப் பத்துப் பத்துத் தடவையாக வாரத்தில் மூன்று நாட்கள் செய்ய வேண்டும். கட்டும் வேலைக்குக் கட்டுப்பொருளும் வேண்டும். டயலிசிஸ் தொடங்குவதற்கு முன் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள், தொடங்கிய பின்னரும் பலர் அந்தப் பழைய அறிவுரையிலேயே இருந்துவிடுகிறார்கள். டயலிசிஸ் தொடங்கியதும் புரதத் தேவை கூடுகிறது, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.2 கிராம். முட்டையின் வெள்ளைக்கருவும் உப்பில்லாத நல்ல மீனும் இதற்கு உகந்தவை, கருவாடு உப்புக்காக ஒதுக்கப்பட வேண்டியது. எவ்வளவு என்பதை அவரவர் கிளினிக்கில் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மாமா பயிற்சி தொடங்கிய நான்காம் மாதத்தில் கதிரைச் சோதனையை 15 செக்கனில் முடித்தார். பிறகு ஒரு காய்ச்சலில் பத்து நாள் வைத்தியசாலையில் கிடந்து வீடு வந்தபோது அது 20 ஆகியிருந்தது. படுக்கை அவ்வளவு விரைவாகத் தசையை எடுத்துவிடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் அவரும் நாங்களும் அன்று அப்படிக் கலங்கியிருக்க மாட்டோம். காய்ச்சலுக்கு முன் நடந்த நேரத்தில் பாதியிலிருந்து தொடங்கி, கிழமைக்கு இரண்டு மூன்று நிமிடமாகக் கூட்டி, இரண்டு மாதத்தில் பழைய அளவுக்கு அவர் திரும்பினார். இப்போது டயலிசிஸ் இல்லாத காலைகளில் படலையைத் திறந்து வைப்பது அவருடைய வேலை, வேறு யாரையும் அதைத் தொட அவர் விடுவதில்லை.